களிக்குத் தொட்டுக்கொள்ள ஒரு கொய்யா

எல்லாருக்கும் வணக்கம். வைட்டமின் சி என்றதுமே பாதிப் பேருக்கு ஆரஞ்சு ஞாபகம் வந்திருக்கும். ஏற்காட்டுக்குக் கீழே இருக்கிற நமக்கு அது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் 100 கிராம் ஆரஞ்சில் இருப்பது ஏறக்குறைய 50 மில்லிகிராம், அதே எடைக் கொய்யாவில் 200-ஐத் தாண்டும், பெருநெல்லி அதையும் மிஞ்சிவிடும். 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொன்ன கணக்குப்படி ஆணுக்கு ஒரு நாளைக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் போதும். மேலே ஏரிப் பக்கம் கொய்யாவைப் பிளந்து உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுப்பார்களே, அதில் ஒரு பழம் தின்றால் அன்றைய கணக்கு முடிந்தது.

மலை ரோட்டில் மேய்கிற ஆட்டுக்கு இந்தக் கவலை கிடையாது, ஈரலிலேயே தயாரித்துக்கொள்ளும். நம்மிடமும் அதற்கான மரபணு இருக்கிறது, ஆனால் பழுதாகிக் கிடக்கிறது. அதனால் சாப்பாட்டில்தான் வரவேண்டும். வராவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் நன்றாகப் பார்த்துவிட்டார்கள்: ஈறு வீங்கி ரத்தம் கசியும், பல் ஆடும், ஆறிப்போன பழைய புண்கூடத் திறந்துகொள்ளும். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் இந்த நோய் வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒரு ஜோடிக்கு வினிகர், இன்னொன்றுக்குக் கடல் தண்ணீர் என்று ஆளுக்கொன்று கொடுத்துப் பார்த்ததில், ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்றவர்கள்தான் சட்டென்று தேறினார்கள். பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றுக்கு உத்தரவு போட்டது 1795-இல். ஃபைல் அன்றைக்கும் அப்படித்தான் நகர்ந்திருக்கிறது!

சரி, நம் ஊரில் அந்த நோய், அதாவது ஸ்கர்வி, அபூர்வம். இங்கே பிரச்சினை ரத்தசோகை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இருக்கிறது. ராகியிலும் கீரையிலும் இரும்புச்சத்து உண்டுதான், ஆனால் உடம்பு அதை லேசில் இழுத்துக்கொள்ளாது, வைட்டமின் சி கூட இருந்தால் இழுக்கும். ஒரே வேளையில் இரண்டும் வயிற்றுக்குள் போகவேண்டும், காலையில் கொய்யா ராத்திரி களி என்றால் அந்த உதவி கிடைக்காது. களியும் கீரைக் கடைசலும் தட்டில் விழுந்த பிறகு எலுமிச்சையைப் பிழியுங்கள், இல்லை கையில் ஒரு கொய்யாத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் காப்பி, டீ. இரண்டுமே இரும்பை மறிக்கும். ஏற்காட்டுக் காப்பியைக் குறை சொன்னால் அடிக்க வருவீர்கள், குடியுங்கள், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

வைட்டமின் சி சூட்டில் அழியும், தண்ணீரில் கரையும். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் சாக்கடைக்குத்தான் சத்து. எலுமிச்சைச் சாதத்துக்கு அடுப்பை அணைத்த பிறகு சாறு விடுங்கள். அந்த வகையில் நம் தட்டுவடை செட்டை எனக்குப் பிடிக்கும், எண்ணெய்ப் பண்டம் என்று திட்டினாலும் உள்ளே வைக்கிற கேரட், பீட்ரூட், மல்லிச் சட்னி எல்லாம் பச்சை. ஜவ்வரிசி அப்படியில்லை. மரவள்ளிக் கிழங்கில் இருந்த வைட்டமின் சி, அரைத்து அலசி மாவாகி வறுபடுவதற்குள் போய்விடும், மிஞ்சுவது மாவுச்சத்து.

மாத்திரையா? தினமும் போட்டாலும் சாதாரண ஆட்களுக்குச் சளி பிடிப்பது குறைவதில்லை, பிடித்த சளி கொஞ்சம் சீக்கிரம் விடும், அவ்வளவே. பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குத் தேவை கூடுதல். ஏற்கெனவே சிறுநீரகக் கல் வந்தவர்கள் 1000 மில்லிகிராம் மாத்திரையைக் கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.