நகல் பூனைக்கு ஏன் ஆரஞ்சு நிறம் வரவில்லை?

நேயர்களுக்கு வணக்கம்.

நான் பேசுவது உங்களுக்குக் கேட்கிறது அல்லவா? அதற்குக் காரணம் உட்செவியில் இருக்கும் மயிர்ச்செல்கள். மிக நுண்ணிய செல்கள் அவை. என் குரலின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றி மூளைக்கு அனுப்பும் வேலையை இந்த நொடியில் அவை செய்துகொண்டிருக்கின்றன. அதே நொடியில் உங்கள் கல்லீரல் பித்தநீர் சுரந்துகொண்டிருக்கிறது. கல்லீரலுக்கு என் பேச்சு கேட்காது, காதுச் செல்லுக்குப் பித்தநீர் சுரக்கத் தெரியாது. ஆனால் இரண்டுக்குள்ளும் இருக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான். அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வந்து, ஒரே கருமுட்டையில் தொடங்கி, பிரிந்து பிரிந்து பெருகிய அதே டி.என்.ஏ. அப்படியானால் காதுச் செல் காதாகவும் கல்லீரல் செல் கல்லீரலாகவும் இருப்பது எப்படி?

பல வருடங்களாக நான் படித்தும் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தும் வருவது இந்த ஒரு கேள்வியைத்தான். சுருக்கமாகச் சொன்னால், ஒரு செல்லில் மரபணு இருப்பது வேறு, அந்த மரபணு அங்கே வேலை செய்வது வேறு. பித்தநீர் சுரப்பதற்கான மரபணுக்கள் காதுச் செல்லிலும் இருக்கின்றன, சும்மா இருக்கின்றன. எந்த மரபணு, எந்தச் செல்லில், எந்த வயதில், எவ்வளவு வேலை செய்கிறது என்பதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொன்னேன், கவனித்திருப்பீர்கள். சுவிட்சைப் போட்டால் எரியும், அணைத்தால் அணையும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. உண்மையில் மின்விசிறிக்கு ரெகுலேட்டர் இருப்பதுபோல மரபணுவுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வேகம் உண்டு. பல நோய்களில் மரபணு கெட்டுப்போயிருக்காது. அதன் வேகம்தான் மாறியிருக்கும்.

இது நேற்று வந்த யோசனை அல்ல. 1961-ல் பாரிஸில் பிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ என்ற இருவர் நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவை வைத்து இதைச் சொன்னார்கள். பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதியை அந்தப் பாக்டீரியா எப்போதும் செய்துவைத்திருப்பதில்லை. பால் சர்க்கரை கிடைத்து, அதைவிட எளிதான குளுக்கோஸ் தீர்ந்துபோன பிறகுதான் அந்த மரபணுக்களை முழு வேகத்தில் வேலைக்கு எடுக்கிறது. ஒரு மரபணுவை அடக்கி வைப்பதற்கென்றே இன்னொரு மரபணு இருக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். 1965-ல் நோபல் பரிசு வந்தது.

அப்புறம் மனித மரபணுத்தொகை, அதாவது மனிதனின் மொத்த டி.என்.ஏ. 2000-ல் அதன் முதல் வரைவு வெளியானபோது உலகமே அதைக் கொண்டாடியது. டி.என்.ஏ. எழுதப்பட்டிருக்கும் வேதி எழுத்துகள் சுமார் 300 கோடி. மனிதனுக்கு ஒரு லட்சம் மரபணுக்களாவது இருக்கும் என்று அதற்கு முன்பு பலர் கணக்குப் போட்டிருந்தார்கள். எண்ணி முடித்தால், புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000தான். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு இனம் ஒன்று, சீனோரேப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்று பெயர், அதற்கும் கிட்டத்தட்ட 20,000. மனிதனுடைய 300 கோடி எழுத்துகளில் புரதத்துக்கானது இரண்டு சதவீதம்கூட இல்லை. மீதியை வேண்டாத குப்பை என்று ஒதுக்கிய காலமும் உண்டு. ஆனால் மரபணுவின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும் இடங்களில் பெரும்பாலானவை அந்த மீதிக்குள்தான் இருந்தன. அப்போது படிக்கவே முடியாமல் விடுபட்ட எட்டு சதவீதமும் 2022-ல் படித்து முடிக்கப்பட்டது.

சரி, இப்போது ஒரு பூனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பூனை இது. நேரில் பார்த்ததில்லை, ஆனால் எந்த வகுப்பிலும் இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை.

கறுப்பு, ஆரஞ்சு, வெள்ளை என்று மூன்று நிறமும் திட்டுத்திட்டாகக் கலந்த பூனைகளைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பார்த்தால் கவனியுங்கள், அது அநேகமாகப் பெண் பூனையாகத்தான் இருக்கும். காரணம், ஆரஞ்சு நிறத்துக்கான இடம் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று. ஒரு எக்ஸில் ஆரஞ்சு, இன்னொன்றில் கறுப்பு என்று வந்தால்தான் இரண்டும் கலந்து தெரியும். சரி, இரண்டும் இருந்தால் உடம்பு முழுக்க ஒரு நடுத்தர நிறமாக வரக்கூடாதா? ஏன் திட்டுத்திட்டாக வருகிறது?

இங்கிலாந்தில் மேரி லயன் என்ற மரபியலாளர் 1961-ல் இதற்கு விடை சொன்னார். (ஆமாம், பாரிஸில் பாக்டீரியா பேசிய அதே வருடம்.) பெண் கருவில், மிக ஆரம்பத்திலேயே, ஒவ்வொரு செல்லும் தன்னிடம் உள்ள இரண்டு எக்ஸில் ஒன்றை அடக்கிவிடுகிறது. எதை அடக்குவது என்பது தற்செயல். ஆனால் ஒருமுறை அடக்கிவிட்டால், அந்தச் செல்லிலிருந்து பிரிந்து வரும் அத்தனை செல்களும் அதையே பின்பற்றும். கறுப்புள்ள எக்ஸை அடக்கிய செல்லின் வம்சம் ஆரஞ்சுத் திட்டாகிறது. ஆரஞ்சுள்ளதை அடக்கிய செல்லின் வம்சம் கறுப்புத் திட்டாகிறது. வெள்ளை மட்டும் வேறு மரபணுவின் வேலை. பூனையில் மட்டும்தான் இது என்று நினைக்காதீர்கள். இந்த உரையைக் கேட்கும் பெண்கள் எல்லோருடைய உடம்பிலும் இது நடந்திருக்கிறது. தோலில் நிறமாகத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இனி அந்தக் குறிப்பிட்ட பூனைக்கு வருகிறேன். 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில், உலகின் முதல் நகல் பூனை பிறந்தது. சிசி என்று பெயர் வைத்தார்கள். ரெயின்போ என்ற மூன்று நிறப் பூனையின் உடற்செல்லை எடுத்து, அதன் உட்கருவை ஒரு முட்டைக்குள் வைத்து, வேறொரு பூனையின் வயிற்றில் வளர்த்தார்கள். சிசியின் மரபணுத்தொகை ரெயின்போவுடையதுதான், அதைச் சோதித்தும் பார்த்தார்கள். ஆனால் குட்டியைப் பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். சிசிக்கு உடம்பில் எங்கேயும் ஆரஞ்சு இல்லை! வரி வரியாகப் பழுப்பும் வெள்ளையும் மட்டும். ரெயின்போவுக்கு அருகில் நிறுத்தினால் தூரத்து உறவு என்றுகூடச் சொல்லமாட்டீர்கள்.

ஏன் என்று இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள். ரெயின்போவிடமிருந்து எடுத்த அந்த ஒரு செல், ஆரஞ்சுள்ள எக்ஸை அடக்கிவைத்திருந்த செல். நகலெடுத்தபோதும் அந்த அடக்கம் விலகவில்லை. ஆரஞ்சுக்கான எழுத்துகள் சிசியின் ஒவ்வொரு செல்லிலும் இருந்தன. ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. ஆனால் அவை வேலை செய்யவில்லை. சிசி நல்ல ஆரோக்கியத்தோடு 18 வயதுவரை வாழ்ந்தது, குட்டிகளும் போட்டது. 2020-ல் இறந்தது.

கதை அங்கே முடியவில்லை. அந்த ஆரஞ்சு இடம் எக்ஸ் குரோமோசோமில் சரியாக எங்கே என்பது சமீப காலம்வரை தெரியாமலே இருந்தது. 2025-ல்தான் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் தனித்தனியாகத் தேடி ஒரே விடையை வெளியிட்டன. ஆரஞ்சுப் பூனைகளில் சுமார் 5,000 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டு காணவில்லை. புரதம் செய்யும் பகுதியில் அல்ல, வெளிப்பாட்டைக் கட்டுப்படுத்தும் பகுதியில். அதனால் நிறமிச் செல்களில் அமைதியாக இருக்க வேண்டிய ஒரு மரபணு அங்கே வேலை செய்யத் தொடங்கி, கறுப்பு நிறமியைத் தடுத்துவிடுகிறது. அந்த மரபணு செய்யும் புரதத்தில் எந்தக் கோளாறும் இல்லை. செய்யக்கூடாத இடத்தில் செய்கிறது. எனக்கு இந்தச் செய்தி வந்த அன்று தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

பூனைக்கு இவ்வளவு நேரம் கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. கோபம் வந்தால், குண்டாக இருந்தால், கணக்கு வரவில்லை என்றால், "அது அவங்க ஜீன்லயே இருக்கு" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. அறிவுக்கான மரபணு கிடைத்தது, சோம்பலுக்கான மரபணு கிடைத்தது என்று செய்தித் தலைப்புகளும் வருகின்றன. எனக்கு இதில் கடும் வருத்தம் உண்டு. ஒரு குழந்தையைப் பற்றி இப்படிச் சொல்வது அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை. ஒரு மரபணு, ஒரு குணம் என்று நேராகக் கோடு போடும்படி அமைந்தவை மிகக் குறைவு. எழுத்து மாறாமலே பூனையின் நிறம் மாறியதைக் கேட்டீர்கள். எழுத்தில் கோளாறு இருந்தும் நோய் அடங்கிப்போன கதை ஒன்றும் உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அரிவாள் செல் நோய். ஹீமோகுளோபின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியதால் வருவது. சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து, மெல்லிய இரத்தக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். அந்த வலியை அனுபவித்தவர்கள் அதை எலும்பை நொறுக்கும் வலி என்பார்கள். ஆனால் இந்தக் குழந்தைகள் பிறந்து சில மாதங்கள்வரை நன்றாகவே இருக்கிறார்கள். 1948-ல் நியூயார்க்கில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தை மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். தாயின் வயிற்றில் இருக்கும்போது நாம் எல்லோரும் வேறொரு ஹீமோகுளோபினைப் பயன்படுத்துகிறோம், அதற்கு வேறு மரபணு. பிறந்து சில மாதங்களில் அந்த மரபணு அடங்கி, பெரியவர்களுக்கான மரபணு வேலையை எடுத்துக்கொள்கிறது. கோளாறான எழுத்து இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. ஆக, முதல் மரபணுவை மறுபடி எழுப்ப முடிந்தால்?

அதை அடக்கி வைத்திருப்பது யார் என்று கண்டுபிடிக்க 60 வருடங்கள் ஆயின. பிசிஎல்11ஏ என்ற புரதம். 2008-ல் பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கினின் குழு இதை நிறுவியது. சரி, அதை வெட்டி எறிந்துவிடலாமே என்று தோன்றும். முடியாது. இரத்தத் தண்டுசெல்களுக்கும், நோயை எதிர்க்கும் சில வெள்ளணுக்களுக்கும் அது தேவை. இங்கேதான் மரபணு வெளிப்பாட்டு ஆராய்ச்சி கைகொடுத்தது. பிசிஎல்11ஏ மரபணுவுக்குள்ளேயே ஒரு சிறிய பகுதி இருக்கிறது. சிவப்பணுவாகப் போகும் செல்லில் மட்டும் அந்த மரபணுவின் வேகத்தைக் கூட்டுவது அதன் வேலை. மற்ற செல்கள் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. அந்தப் பகுதியை மட்டும் கிரிஸ்பர் என்ற, டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கத்தரியால் வெட்டினால், சிவப்பணுவில் பிசிஎல்11ஏ குறையும், கருவில் இருந்த ஹீமோகுளோபின் மீண்டு வரும், மற்ற இடங்களில் எல்லாம் வழக்கம்போல நடக்கும்.

கேஸ்ஜெவி என்ற அந்த சிகிச்சை, உலகில் அனுமதி பெற்ற முதல் கிரிஸ்பர் சிகிச்சை. 2023 நவம்பரில் பிரிட்டனிலும் டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. அமெரிக்க அனுமதியின்போது போதிய காலம் கண்காணிக்கப்பட்டிருந்த 31 பேரில் 29 பேருக்குத் தொடர்ந்து ஒரு வருடமாவது கடுமையான வலித் தாக்குதல் வரவில்லை. அவர்களுடைய செல்களில் அந்தக் கோளாறான எழுத்து இன்னும் அப்படியேதான் இருக்கிறது, நேயர்களே. அதை யாரும் திருத்தவில்லை!

ஒன்றையும் மறைக்கக்கூடாது. நோயாளியின் செல்களை வெளியே எடுத்து வெட்டித் திரும்பச் செலுத்தும் சிகிச்சை இது. செலுத்துவதற்கு முன்பு கடுமையான கீமோதெரபி கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டும். மாதக்கணக்கில் நீளும் வேலை. அமெரிக்காவில் அறிவித்த விலை 22 லட்சம் டாலர். இந்த நோய் அதிகம் உள்ள நாடுகளில் எத்தனை பேருக்கு இது எட்டும்? ஊசி போட்டால் போதும், மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டாம் என்ற நிலை வரும்வரை வேலை பாதிதான் முடிந்திருக்கிறது என்பது என் கருத்து.

நேரம் ஓடிவிட்டது, கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பால் குடித்தால் சிலருக்கு ஏன் வயிறு உப்புகிறது என்பதையும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பால் சர்க்கரையைச் செரிக்கும் மரபணு எல்லோரிடமும் இருக்கிறது. குழந்தைப் பருவம் முடிந்ததும் பெரும்பாலான மனிதர்களுக்கு அதன் வேகம் குறைந்துவிடுகிறது. சிலருக்குக் குறையாமல் இருக்கக் காரணம், அந்த மரபணுவிலிருந்து சுமார் 14,000 எழுத்துகள் தள்ளி நடந்த ஓர் எழுத்து மாற்றம். பின்லாந்து ஆய்வாளர்கள் 2002-ல் கண்டுபிடித்தது. ஆக, பால் ஒத்துக்கொள்ளாதது நோய் அல்ல.

கடைசியாக இரண்டு விஷயம். முன்பெல்லாம் ஒரு திசுவை எடுத்து, அதிலுள்ள லட்சக்கணக்கான செல்களையும் ஒன்றாகக் கரைத்துத்தான் எந்த மரபணு வேலை செய்கிறது என்று அளக்க முடியும். சராசரிதான் கிடைக்கும். 2009-லிருந்து ஒற்றைச் செல்லின் ஆர்.என்.ஏ.-வை, அதாவது வேலை செய்யும் மரபணுவிலிருந்து எடுக்கப்படும் நகலை, தனியாகப் படிக்க முடிகிறது. உடம்பின் ஒவ்வொரு செல் வகையையும் இப்படிப் பதிவு செய்ய 2016-ல் தொடங்கிய மனித செல் வரைபடத் திட்டத்தில் பல நாட்டு ஆய்வாளர்கள் வேலை செய்கிறார்கள். ஒரு புற்றுநோய்க் கட்டிக்குள் மருந்துக்கு அடங்காத சில செல்கள் மட்டும் ஒளிந்திருந்தால், சராசரியில் காணாமல் போகிற அவை இதில் தெரிந்துவிடும்.

இன்னொன்று, செயற்கை நுண்ணறிவு. 2025 ஜூனில் கூகுள் டீப்மைண்ட் அறிவித்த ஆல்ஃபாஜீனோம் என்ற கணினி மாதிரி, ஒரே நேரத்தில் பத்து லட்சம் எழுத்துகள்வரை படித்து, ஓர் எழுத்து மாறினால் எந்த வகைச் செல்லில் எந்த மரபணுவின் வேகம் கூடும், குறையும் என்று கணிக்கிறது. கணிப்புதான், ஆய்வகத்தில் சோதித்த பிறகே நம்ப வேண்டும். ஆனால் பிள்ளைக்கு என்ன நோய் என்றே தெரியாமல், மரபணுப் பரிசோதனை செய்தும் "ஒன்றும் கிடைக்கவில்லை" என்ற பதிலோடு காத்திருக்கும் பெற்றோர் பலர். அவர்களுடைய அறிக்கைகளில் பெரும்பாலும் படித்துப் பார்க்கப்பட்டது புரதத்துக்கான அந்த இரண்டு சதவீதம்தான். மீதியைப் படிக்கும் கருவி இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.