1939 ரூபாயைச் சோதிப்பது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். பழைய டிரங்குப் பெட்டியில் ராஜா தலை போட்ட வெள்ளி ரூபாய் கிடைத்ததும் பலர் செய்கிற முதல் வேலை, விபூதியோ புளியோ போட்டுத் தேய்ப்பது. குத்துவிளக்குக்கு அது சரி. நாணயத்தில் தேய்த்தால் காலப்போக்கில் படிந்த மெல்லிய கருமை போய்விடும், பொடிக் கீறல் விழும், சேகரிப்பவர் தரும் விலையும் சரிந்துவிடும். உரைகல்லில் உரசிப் பார்ப்பதும் வேண்டாம்.

வெள்ளிதானா என்று பார்க்க, 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். 1939 வரை அடித்த ரூபாயின் எடை 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக்க இறக்குங்கள். அடியில் தட்டக்கூடாது, பக்கத்தில் முட்டக்கூடாது. நூல் கையிலேயே இருக்கட்டும். இப்போது தராசு 1.13 அளவில் காட்டினால் பழைய வெள்ளி. 1.22 என்றால் 1940 முதல் வந்த பாதி வெள்ளி. 1.3ஐத் தாண்டினால் ஜெர்மன் சில்வர் மாதிரி ஏதோ ஒன்று. தேய்ந்த காசென்றால் அதன் எடையை, தண்ணீரில் இறக்கியபோது தராசு காட்டிய எண்ணால் வகுத்துப் பாருங்கள், 10.3 வாக்கில் வரவேண்டும். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடிவிடும், நல்ல வெள்ளியும் மட்டமாகத் தெரியும். குமிழியை உதறிவிட்டு இன்னொரு முறை பாருங்கள்.

ஆனால் இந்தச் சோதனையில் சுத்தமாகத் தேறிவிடும் போலி ஒன்று உண்டு. ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ரூபாய்களில் 1939 மிக அரிது, 1938 தாராளமாகக் கிடைக்கும். 1940ஐ 1939 என்று திருத்தினால் வெள்ளியும் காட்டிக்கொடுக்கும், விளிம்பின் நடுவே ஓடும் பள்ளமும் காட்டிக்கொடுக்கும். அதனால் திருத்துகிறவர் 1938ஐத்தான் தேடுவார். உலோகம், எடை, விளிம்பு எல்லாமே அசல். 8இன் கீழ் வளையத்தில் இடப்பக்கத்தைச் சுரண்டிவிட்டால் 9 தயார்!

10 மடங்கு லென்ஸை எடுத்து, விளக்கைப் பக்கவாட்டில் வைத்து நாணயத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். அச்சில் விழுந்த தளம் எண்களைச் சுற்றி ஒரே சீராக இருக்கும். சுரண்டிய இடம் லேசாகக் குழிந்து, ஒரே திசையில் கோடு கோடாகத் தெரியும். அந்த இடத்தில் மட்டும் பளபளப்போ மங்கலோ மாறியிருந்தாலும் காசை வாங்காதீர்கள். லென்ஸிலும் தேறிய காசை மட்டும் பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்பலாம். சாதாரண ரூபாய்க்கு அந்தக் கட்டணம் தண்டம்.

இவ்வளவு சிரமமே தேவைப்படாத போலிச் சரக்கும் சந்தையில் உண்டு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் ‘கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1616’. காந்தம்போல அரிசியை இழுக்கும் சக்தி உண்டு என்றுகூடச் சொல்லி விற்பார்கள். கம்பெனி இந்தியா முழுமைக்கும் ஒரே மாதிரி நாணயம் கொண்டுவந்ததே 1835இல்தான்.

விற்கும்போதும் கவனம். உங்கள் காசுக்குப் பல லட்சம் தருவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கி பெயரில் முன்கூட்டியே கமிஷனோ வரியோ கேட்பார்கள். அப்படி யாருக்கும் அதிகாரம் தரவில்லை என்று 2021 ஆகஸ்டிலேயே அந்த வங்கி அறிவித்துவிட்டது. வணக்கம்.