கோடிங் கோர்ஸில் பணம் கட்டும் முன்

நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் நிறுவனத்தில், புதிதாக வேலை தேடி வருகிற பிள்ளைகளை நேர்காணல் செய்கிறவன் நான். காளவாசலில் இருந்து கே.கே. நகர் வரை எந்தப் பக்கம் போனாலும் ‘ஆறே மாதத்தில் ஃபுல் ஸ்டாக் டெவலப்பர், வேலை உறுதி’ என்று பலகை தொங்குகிறது (இணையதளத்தில் நாம் பார்க்கும் திரையையும் அதன் பின்னால் இயங்கும் பகுதியையும் சேர்த்து எழுதுகிறவர்தான் ஃபுல் ஸ்டாக் டெவலப்பர்), போனைத் திறந்தால் அதே விளம்பரம், குறுகிய காலத்தில் கோடிங் சொல்லித்தரும் இந்த பூட்கேம்ப்பில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று பெற்றோர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். சொல்லித்தருகிற ஆள் நல்லவராக இருந்தால் சேரலாம். வேலை வாங்கித் தருவார்கள் என்று நம்பிச் சேர வேண்டாம்.

இந்த பூட்கேம்ப் முறை அமெரிக்காவில் 2012 வாக்கில் சூடுபிடித்தது. வேறு துறையில் பட்டமும் வேலை அனுபவமும் உள்ளவர்கள் மூன்று நான்கு மாதம் முழு நேரமாக உட்கார்ந்து நிரல் எழுதக் கற்றுக்கொண்டு துறை மாறினார்கள். அந்த வருடம் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய டெவ் பூட்கேம்ப், பேரும் புகழும் இருந்தும் 2017-இல் மூடப்பட்டது. அப்புறம் லாம்டா ஸ்கூல் என்ற இன்னொரு பூட்கேம்ப் வந்தது. முதலில் படி, வேலை கிடைத்ததும் சம்பளத்தில் பங்கு கொடு என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். 2024 ஏப்ரலில் அந்த நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, இது கடன்தான், அதை மாணவர்களிடம் மறைத்தார்கள் என்று சொல்லி, நுகர்வோருக்குக் கடன் கொடுக்கும் தொழிலே செய்யக் கூடாது என அந்த ஸ்கூலுக்கு நிரந்தரத் தடை போட்டது. வேலை கிடைத்தவர்கள் 71 முதல் 86 சதவீதம் என்று விளம்பரத்தில் போட்டார்கள், உள்ளே வைத்திருந்த கணக்கில் அது 50-ஐ ஒட்டி இருந்தது, சில நேரம் 30 வரை இறங்கியிருந்தது. அதனால் ‘நூற்றுக்கு இத்தனை பேருக்கு வேலை’ என்று யார் சொன்னாலும், யாரையெல்லாம் சேர்த்து எண்ணினீர்கள் என்று கேளுங்கள்.

நம்ம ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. பல பெரிய கம்பெனிகள் பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும், அரியர் இருக்கக் கூடாது என்று முதல் படியிலேயே வடிகட்டுகின்றன. கோர்ஸ் சான்றிதழ் அந்த வடிகட்டியைத் தாண்ட உதவாது.

சரி, எங்களைப் போன்ற சின்ன நிறுவனங்கள் என்ன பார்க்கிறோம்? எழுதிய நிரல்களை எல்லோரும் பார்க்கும்படி சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில் அந்தப் பிள்ளையின் பக்கத்தைத் திறப்போம். ஒரே பேட்சில் படித்த எல்லோரிடமும் அதே வானிலை ஆப், அதே ஷாப்பிங் தளம், மொத்த நிரலும் ஒரே ராத்திரியில் ஏற்றப்பட்டிருக்கும். இந்தப் பட்டனை அழுத்தினால் தகவல் எங்கே போகிறது, சர்வர் பதில் தராவிட்டால் திரையில் என்ன வரும் என்று கேட்டால் பிள்ளை திகைத்து நிற்கும். ஆனால் கணக்குப்பதிவு சரிபார்க்க அப்பா கடைக்கென்று ஒரு சின்ன புரோகிராம் எழுதி, அதில் தப்பு வந்து, எர்ரர் வரியைப் படித்து, தானே திருத்தி, மறுபடி தப்பு வந்து, மறுபடி திருத்திய தடம் கிட்ஹப்பில் இருந்தால், அந்தப் பிள்ளையோடு நான் ஒரு மணி நேரம் பேசுவேன். ஏஐ வந்த பிறகு இது இன்னும் முக்கியம். மனப்பாடமாக எழுதும் நிரலை இப்போது இயந்திரமே எழுதிவிடுகிறது, அது எழுதியதில் தப்பு எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் ஆள் வேண்டும்.

இதைக் கற்றுத்தர, பிள்ளை எழுதிய நிரலை வரி வரியாகப் படித்து ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்கிற ஒருவர் தேவை. உசிலம்பட்டி, மேலூர் பக்கம் தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைக்கு, தமிழிலேயே விளக்கி, கேள்வி கேட்டால் சலித்துக்கொள்ளாத அப்படி ஓர் ஆசிரியர் கிடைத்தால் அந்தக் கட்டணம் தகும். கண்டுபிடிப்பது எப்படி? சேரும் முன் ஒரு வகுப்பில் உட்கார விடுங்கள் என்று கேளுங்கள். விட மறுத்தால் கிளம்பி வந்துவிடுங்கள்.

அதற்கும் முன்னால், மூன்று மாதம் தினமும் இரண்டு மணி நேரம் காசில்லாமல் படித்துப் பாருங்கள். இணையத்தில் கோடிங் சொல்லித்தரும் ஃப்ரீகோட்கேம்ப் முழுக்க இலவசம், ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களும் இலவசம், அதில் தேர்வு எழுதினால்தான் கட்டணம். தமிழில் கணினி நுட்பம் எழுதும் கணியம் தளம் இருக்கிறது. கல்லூரியில் இருப்பவர்கள் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திறன் பயிற்சித் திட்டத்தில் என்ன பயிற்சி உண்டு என்று விசாரியுங்கள். வீட்டில் இடமில்லையா, நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். மூன்று மாதம் கழித்தும் பிள்ளைக்கு ஆசை விடவில்லை என்றால் அப்போது கட்டணத்தைப் பற்றிப் பேசலாம்.

கடைசியாக, நகையை அடகு வைக்கிற அம்மாக்களுக்கு. ‘வட்டியில்லாத் தவணை’ என்று கையெழுத்து வாங்கும் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். பெரும்பாலும் அது ஒரு நிதி நிறுவனத்தின் கடன், பிள்ளை பாதியில் நின்றாலும் மாதத் தவணை நிற்காது. ஆப் வழியாக வரும் கடனுக்கு, மொத்தச் செலவைக் காட்டும் விவர அறிக்கையும், மனம் மாறினால் அபராதமில்லாமல் அசலையும் அதுவரையிலான வட்டியையும் கட்டி விலகச் சில நாள் அவகாசமும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே சொல்லியிருக்கிறது. அசல் மார்க் ஷீட்டை யார் கேட்டாலும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும். ஏற்கெனவே பணம் கட்டி, சொன்னபடி வகுப்பு நடக்கவில்லை என்றால் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.