பாராசூட்டும் தறியில் பிறந்த துணியே

(நகரியில் நெசவாளர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தறிக்காரத் தோழர்களே,

2023 அக்டோபர் 21 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் சோதனைக் கலம், பாராசூட்டுகளில் தொங்கியபடி வங்கக் கடலில் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ராக்கெட்டைப் பற்றிச் சொல்ல ஆள் பலர் உண்டு. பாவும் ஊடையும் அறிந்த உங்களிடம் அந்தத் துணியைப் பற்றிப் பேசுவதே முறை.

தொடக்க காலத்தில் பாராசூட்டுக்குப் பெரிதும் கைகொடுத்தது பட்டு. அது மெல்லியது, இழுத்தால் சற்று நீண்டு கொடுப்பது, மடித்தால் சிறு பைக்குள் அடங்குவது. அமெரிக்கா அதைப் பெரும்பாலும் ஜப்பானிடமிருந்தே வாங்கிவந்தது. 1941இல் அந்த வரத்து நின்றது. 1935இல் டூபான்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் உருவாக்கி, 1940இல் பெண்களின் காலுறையாகக் கடைக்கு வந்திருந்த நைலான், பட்டின் இடத்தைப் பிடித்தது. 1942 ஜூனில் அடலின் கிரே என்ற பெண் நைலான் பாராசூட்டில் குதித்துக் காட்டினார்.

நைலானைவிட மிகவும் உறுதியான கெவ்லார் என்ற செயற்கை இழை 1965இலேயே வந்துவிட்டபோதும், பாராசூட்டின் குடைத்துணிக்கு இன்றும் நைலானையே ஏன் நாடுகிறார்கள்? 100 சென்டிமீட்டர் நைலான் இழை அறுவதற்கு முன் 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை நீளும். கெவ்லார் 4 சென்டிமீட்டரைத் தாண்டாது. குடை விரியும் கணத்தில் விழும் வெட்டிழுப்பை நீண்டுகொடுக்கும் துணி தானே வாங்கிக்கொள்கிறது. விறைத்து நிற்கும் துணியோ அதை அப்படியே தையலுக்கும், தொங்கும் மனிதரின் தோளுக்கும் கடத்திவிடுகிறது. உறுதி என்றால் அறாமல் இருப்பது மட்டுமே என்று நினைப்பவர்கள் தறிப்பக்கம் வராதவர்கள் என்றே நான் சொல்வேன்.

இனி நெசவுக்கு வருவோம். பாவிலும் ஊடையிலும் சில மில்லிமீட்டருக்கு ஒருமுறை தடித்த இழையைச் சேர்த்து, சிறுசிறு கட்டங்களாக நெய்கிறார்கள். ஓரிடத்தில் கிழிந்தால் கிழிசல் அடுத்த தடித்த இழையில் தடைப்படும். விளையாட்டுக் குதிப்புக்குரிய துணி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 37 கிராம்தான்; ஐந்தரை மீட்டர் சேலை அளவுக்கு வெட்டினால் கால் கிலோ. ஜரிகையிட்ட காஞ்சிப் பட்டைத் தூக்கிப் பழகிய கைக்கு அது காற்றைத் தூக்குவது போலிருக்கும்.

அந்தத் துணி எவ்வளவு காற்றை விடவேண்டும் என்பதும் கணக்குத்தான். நெய்த துணியைச் சூடான உருளைகளுக்கிடையே அழுத்தி இழைகளை நெருக்குவார்கள். காற்றே புகக்கூடாதென்றால் சிலிக்கோன் பூசுவார்கள். மிக வேகமாக விழும் கலத்தை முதலில் நிதானப்படுத்தும் சிறு பாராசூட்டுக்கோ, பட்டைகளை இடைவெளி விட்டுத் தைத்து, வேண்டுமென்றே காற்றை வழியவிடுகிறார்கள். அதன்பின் விரியும் ககன்யானின் முதன்மைக் குடை ஒவ்வொன்றும் 25 மீட்டர் விட்டமுடையது.

குடையிலிருந்து தொங்கும் கயிறுகளில் வேறொரு சிக்கல் உண்டு. டைனீமா என்ற செயற்கை இழை மெல்லியது, மிக உறுதியானது. ஆனால் ஏறத்தாழ 145 டிகிரி செல்சியஸிலேயே உருகத் தொடங்கும். குடை விரியும் ஒவ்வொரு முறையும் உராய்வுச் சூட்டில் சில கயிறுகள் சிறிது சிறிதாகச் சுருங்க, குடையின் வடிவம் கோணிப்போகிறது; ஆகவே அவற்றைக் காலம் பார்த்து மாற்றுகிறார்கள். வெக்ட்ரான் என்ற இன்னொரு கயிற்றிழை அப்படிச் சுருங்குவதில்லை. நைலானுக்கு எதிரி வெயில்; அதனால் பாராசூட்டை நிழலில்தான் விரித்து மடிப்பார்கள்.

இதோ என் கையிலிருக்கும் பாராசூட் துணித் துண்டை விளக்கொளிக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எத்தனை இழைக்கு ஒரு தடித்த இழை வருகிறது என்பதை என்னைவிட விரைவாக நீங்கள் எண்ணிவிடுவீர்கள்.