எமிட்டரில் ஒரு ரெசிஸ்டர்

வணக்கம் நேயர்களே. ஆம்ப்ளிஃபயர் கட்டுகிற தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், எந்த டிரான்சிஸ்டர் போடலாம்?" என்றுதான். நம்பர் எதுவானாலும் சரி, அதை எப்படி இணைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம்.

டிரான்சிஸ்டருக்கு எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று மூன்று கால்கள். சிக்னலின் வரவுக்கும் போக்குக்கும் எந்தக் கால் பொதுவோ, அதை வைத்து மூன்று இணைப்பு. காமன் கலெக்டர் வோல்டேஜைக் கூட்டாது. அடுத்து வரும் சுமையைத் தாங்கும். காமன் பேஸ் ஆடியோவில் தனியாக வருவது அபூர்வம். ஆக, கெயின், அதாவது சிக்னலை இத்தனை மடங்கு பெருக்குவது, வேண்டிய இடத்தில் காமன் எமிட்டர்தான். ஆனால் எவ்வளவு கெயின்?

மைக் செட் வாடகைக்கு விடும் தம்பி ஒருவர் மிக்ஸரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பேச்சு நல்லா வருது சார், தவில் அடிச்சா மட்டும் கிழியுது." திறந்து பார்த்தோம். முதல் ஸ்டேஜில், அதாவது முதல் பெருக்கும் கட்டத்தில், பிசி547 என்ற டிரான்சிஸ்டர் ஒன்று, காமன் எமிட்டராக. கலெக்டரில் 4.7 கிலோ ஓம், எமிட்டரில் 470 ஓம், அதன் குறுக்கே ஒரு 100 மைக்ரோஃபாரட் கண்டென்சர். ஓடுவது 1 மில்லி ஆம்பியர். அந்தக் கண்டென்சர் இருக்கும்வரை, சிக்னல் அதன் வழியாகவே போய்விடும், சிக்னலைப் பொறுத்தவரை 470 ஓம் இல்லாத மாதிரிதான். மிஞ்சுவது டிரான்சிஸ்டருக்கு உள்ளேயே இருக்கும் சுமார் 25 ஓம். கலெக்டரின் 4,700ஐ இந்த 25ஆல் வகுங்கள், கெயின் 180க்கு மேல்! ஆனால் அந்த 25 நிலையானதல்ல. கரண்ட் ஏறினால் குறையும், இறங்கினால் கூடும். சிக்னல் ஆட ஆட கெயினும் ஆடுகிறது. அலையின் ஒரு பாதி வீங்குகிறது, மறுபாதி சப்பையாகிறது. தவிலுக்குப் பக்கத்தில் வைத்த மைக்கிலிருந்து பத்து இருபது மில்லிவோல்ட் சுலபமாக வரும். அதற்கு எதற்கு 180 மடங்கு?

கட்டரை எடுத்து கண்டென்சரின் ஒரு காலை வெட்டினேன். பயாஸ், அதாவது சிக்னல் இல்லாதபோதும் ஓடும் அந்த 1 மில்லி ஆம்பியர், மாறவில்லை, மாறாது. கெயின் மட்டும் பத்துக்குக் கொஞ்சம் கீழே வந்தது. "சத்தம் குறைஞ்சிருச்சே சார்" என்றார். அடுத்த ஸ்டேஜில் வால்யூமை ஏற்றச் சொன்னேன். தவிலின் இரு முகங்களான தொப்பியும் வலந்தலையும் தனித்தனியாகக் கேட்டன. அதனால்தான் சொல்கிறேன்: எமிட்டர் ரெசிஸ்டரைக் கண்டென்சரால் முழுக்க மூடாதீர்கள். மைக் சிக்னல் மெலிசாக இருந்து கெயின் போதாவிட்டால், இன்னொரு ஸ்டேஜ் சேருங்கள். கண்டென்சர் இல்லாவிட்டால் இன்புட் இம்பிடன்ஸும், அதாவது சிக்னல் நுழையும் இடத்தில் அதற்குத் தெரியும் எதிர்ப்பும், கூடுகிறது, அது கூடுதல் லாபம்.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். இன்னும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்று மட்டும்: பவர் ஆம்ப்ளிஃபயரின் முகப்பில் டிஃபரன்ஷியல் ஜோடி, அதாவது எமிட்டர் பக்கம் சேர்த்துக் கட்டிய இரண்டு டிரான்சிஸ்டர்கள், போடுங்கள், ஃபீட்பேக்கை, அதாவது வெளியே போகும் சிக்னலில் ஒரு பங்கைத் திரும்ப முகப்புக்கே, கொண்டுவந்து கொடுக்க அதில் தனியாக ஒரு பேஸ் கிடைக்கும். அங்கேயும் இரண்டு எமிட்டரிலும் ஆளுக்கொரு சின்ன ரெசிஸ்டர் இருக்கட்டும். வணக்கம்.