டீச்சர் சட்டமன்றம் போனார், நம் பள்ளிக்கு யார் வருவார்?

(நீலகிரி மாவட்டம் கூடலூரில் நடந்த ஆசிரியர் தின விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஐயா அவர்களே, மழையென்றும் பாராமல் பந்தலூரிலிருந்து வந்திருக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி என் உரையில் பாதியைக் கொண்டுபோய்விட்ட தமிழாசிரியை அம்மா அவர்களே, தன் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்கும் வார்டு உறுப்பினர் அவர்களே, மைக்செட் தம்பி, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்த விழாக் குழுவுக்குத் தனி வணக்கம்.

அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு அதற்குப் பொருத்தமான ஆளும் கிடைத்திருக்கிறார். நாடுகாணி எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்துக்காரர், கே.கே. ஷைலஜா. நமக்கு ஷைலஜா டீச்சர். அவருடைய வகுப்பறை, அவர் காலத்து நோய்கள், அப்புறம் சட்டமன்றம் என்று மூன்று செய்திகள் சொல்லப் போகிறேன்.

சிவபுரம் பள்ளியில் அறிவியல் சொல்லிக் கொடுத்தவர். 1996-ல் கூத்துப்பறம்பில் வென்று சட்டமன்றம் போனார். 2004-ல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு முழுநேர அரசியலுக்கு வந்தார். 2006-ல் பேராவூரில் வெற்றி; 2011-ல் அதே பேராவூரில் தோல்வி. வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. 2016-ல் மறுபடி கூத்துப்பறம்பில் நின்று வென்று கேரளத்தின் சுகாதார அமைச்சரானார். அம்மி நகர்ந்ததா இல்லையா?

2018 மே மாதம் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராவில் நிபா வைரஸ் காய்ச்சல் வந்தது. நமக்குத் தூரத்துச் செய்தியா அது? பெரிய வைத்தியம் என்றால் வயநாட்டுப் பத்தேரிக்கும் கோழிக்கோட்டுக்கும் ஓடுகிறவர்கள்தானே நாம்? ஊரே பயந்து கிடந்தபோது அமைச்சர் பேராம்பிராவுக்கு நேரில் போனார். நோயாளியோடு பழகியவர்கள் யார் யார் என்று, வகுப்பில் வருகைப் பதிவேடு எடுப்பது போல ஒருவர் விடாமல் பட்டியல் போட்டார்கள். கொரோனாவும் அப்படித்தான். இந்தியாவின் முதல் நோயாளி 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தில் கண்டறியப்பட்டார். கட்டுப்பாட்டு அறையை அதற்கு முன்பே திறந்துவிட்டார்கள். 2021 தேர்தலில் மட்டன்னூர் மக்கள் அவருக்குக் கொடுத்த வாக்கு வித்தியாசம் 60,963. அதற்கப்புறம் அமைச்சர் பதவி ஏன் தரவில்லை என்பது அவர்கள் கட்சி விவகாரம், நமக்கெதற்கு?

சட்டமன்றத்துக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு கதை.

இந்தத் தாலுகாவில் ஒரு தொடக்கப் பள்ளி. தேயிலைக் காட்டுக்குள்ளே இருக்கிறது, பெயர் வேண்டாம். சமவெளியிலிருந்து ஒரு இளம் ஆசிரியர் முதல் நியமனத்தில் வருகிறார். கையில் பெட்டி, கழுத்தில் மப்ளர், செப்டம்பரிலேயே ஸ்வெட்டர். முதல் நாள் காலையில் போய்ப் பார்த்தால் சத்துணவுக் கூடத்தின் ஒரு பக்கச் சுவரைக் காணோம். அரிசி மூட்டையைக் காணோம். பருப்பு வாசல் வரைக்கும் கோலம் போட்டிருக்கிறது. நடுவில் அண்டா அளவுக்குக் காலடித் தடம். மனிதர் பெட்டியைக் கீழேயே வைக்கவில்லை. சமையல்கார அக்கா துடைப்பத்தோடு வந்து, "பயப்படாதீங்க சார், அது அரிசி பருப்புக்குத்தான் வரும், பாடத்துக்கு வராது" என்கிறார். அந்த நேரம் பார்த்து ஆய்வுக்கு அதிகாரி ஜீப்பில் வந்து இறங்குகிறார். சுவரைப் பார்க்கவில்லை, பதிவேட்டைத்தான் கேட்கிறார். "மொத்தம் எத்தனை பேர்?" அக்காதான் பதில் சொன்னார்: "பதினெட்டுப் பிள்ளைங்க சார். ராத்திரியில மட்டும் ஒண்ணு கூடுதல்."

சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். அடுத்த கலந்தாய்விலேயே அந்த சார் மாறுதல் வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். தங்க ஒரு அறை இல்லை, சாயங்காலம் பஸ் இல்லை. அந்த இடத்துக்கு ஆள் வரவே இல்லை.

2009 கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது? தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். மலைப்பள்ளியில் ஒருவர் மாற்றுப்பணியில் போய்விட்டால் மிச்சமிருப்பவர் ஐந்து வகுப்பையும் பார்க்கிறார். அவரும் பயிற்சிக்குப் போனால்? அக்கா பார்க்கிறார். அந்தப் பதினெட்டுப் பேரில் ஒரு ஷைலஜா டீச்சர் இருந்தால் அவளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுப்பது யார்?

ஆகவே நம் கோரிக்கை: மலைப்பள்ளிக்கு மாற்று ஆசிரியர் வந்து சேரும்வரை, இப்போது இருப்பவரை விடுவிக்கக் கூடாது, பள்ளிக்குப் பக்கத்திலேயே ஆசிரியர் குடியிருப்பு வேண்டும். போன முறை கொடுத்த மனு எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியாது. மறுபடி கொடுப்போம். அடி மேல் அடி!

சட்டமன்றத்துக்கு வருகிறேன் என்றேனே, நம் மாநிலச் சட்டமன்றத்தில் மேலவை என்று இன்னொரு அவை இருந்தவரை அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடங்களுக்கு ஆசிரியர்களே வாக்களித்து ஆளை அனுப்பினார்கள். 1986-ல் மேலவையே போய்விட்டது. அது பெரிய கதை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், இன்னொரு நாள் பேசுவோம்.

மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் உங்கள் ஊரையும், எந்தப் பள்ளியில் எத்தனை இடம் காலி என்பதையும் புரிகிற மாதிரி எழுதுங்கள். டீயும் வடையும் அந்த மேசையைத் தாண்டித்தான் வைத்திருக்கிறோம்.