வாசலிலிருந்து 160 மீட்டர்

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் தலைமை ஆசிரியப் பெருமக்களே, கல்வித்துறை அலுவலர்களே, பணிகளுக்கிடையே வந்திருக்கும் நகராட்சிப் பொறியாளர் அவர்களே, பெற்றோர் சங்கப் பொறுப்பாளர்களே, கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். சத்துணவைப் பற்றி எனக்கு முன் பேசிய மருத்துவர் அம்மையார் விளக்கமாகச் சொன்னார். அவர் விட்ட இடத்திலிருந்து உங்களைப் பள்ளி வாசலுக்கு வெளியே அழைத்துப் போகிறேன். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது பழமொழி. அது பறக்கத் தொடங்குகிற இடம் அந்த வாசல்தான். தூரம், நேரம் என இரண்டு செய்திகளும், கூடவே ஒரு கோரிக்கையும் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் தூரம். கலிஃபோர்னியாவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2010இல் வெளிவந்தது. பள்ளியிலிருந்து பத்தில் ஒரு மைலுக்குள், அதாவது சுமார் 160 மீட்டருக்குள் துரித உணவகம் இருந்த பள்ளிகளில், உடல்பருமன் விகிதம் குறைந்தது 5.2 சதவீதம் கூடுதலாக இருந்தது. கடை கால் மைல் தள்ளியிருந்தால் அந்தக் கூடுதல் தென்படவில்லை. கண்ணில் பட்டால் வாங்குகிற வயது அது. தென்கொரியா 2009 முதல் பள்ளியைச் சுற்றி 200 மீட்டரை உணவுப் பாதுகாப்பு மண்டலமாக வைத்திருக்கிறது. லண்டனின் 2021 நகரத் திட்டம், பள்ளியிலிருந்து 400 மீட்டர் நடைதூரத்துக்குள் சூடான உணவைப் பொட்டலம் கட்டி விற்கும் புதிய கடைகள் வரக்கூடாது என்கிறது. 'நடைதூரம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். வரைபடத்தில் வளாகத்தின் நடுவே புள்ளி வைத்து வட்டம் போட்டால், பெரிய பள்ளியில் அந்த வட்டம் விளையாட்டுத் திடலோடு முடிந்துவிடும். பின்வாசல் எதிரே உள்ள கடை தப்பிவிடும். மாணவர் வெளியேறும் ஒவ்வொரு வாசலிலிருந்தும் நடந்து அளக்க வேண்டும்.

அடுத்தது நேரம். ஒரு மாணவியை மனத்தில் நிறுத்துங்கள். வயது 14. காலை உணவை அரைகுறையாக விழுங்கிவிட்டு ஓடி வந்தவள். மதிய இடைவேளை 30 நிமிடம். மணி அடித்ததும் புத்தகத்தை மூடிவைக்க 2 நிமிடம். மாடியிறங்க 3. கைகழுவும் வரிசையில் 4. உணவு வரிசையில் 10. திரும்ப மாடியேற 3. மிச்சம் 8 நிமிடம்! அதற்குள் சாப்பிடவும் வேண்டும், காலையிலிருந்து அடக்கி வைத்த கதையைத் தோழியிடம் சொல்லவும் வேண்டும். கதை ஜெயிக்கிறது, தட்டில் பாதி மீந்துபோகிறது. குடிநீர்க் குழாய் கழிப்பறைக்குப் பக்கத்தில். வாடை அடிக்கிறது, தண்ணீர் வெதுவெதுப்பாக வருகிறது. அவள் அந்தப் பக்கமே போவதில்லை. மாலை மணி. வறண்ட தொண்டை, காலி பாட்டில். வாசலைத் தாண்டிப் பத்தாவது அடியில் கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி. கண் மட்டத்தில் வண்ண வண்ண பானங்கள். தண்ணீர் பாட்டில் கீழ்த்தட்டில், குனிந்தால்தான் தெரியும். அவள் கை எதை எடுக்கும்? சர்க்கரையைப் பற்றிக் காலையில்தான் பாடம் படித்தாள். தேர்வு வைத்தால் முழு மதிப்பெண் வாங்குவாள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும். அந்தப் பத்தில் கல்வியும் உண்டு, அறிவுடைமையும் உண்டு. தாகம் வந்தாலும் அதே கதைதான்.

அவள் எடுத்த 330 மில்லி கோலா பானத்தில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை. சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார அமைப்பு 2015இல் சொன்னது. நாளொன்றுக்கு 2,000 கலோரி என்று கொண்டால் அந்த 5 சதவீதம் 25 கிராம். ஒரே பானத்தில் எல்லை தாண்டிப் போயிற்று.

பொறியாளர் அவர்கள் இங்கே இருக்கும்போதே என் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். கடையை அகற்றச் சட்டம் வேண்டும், ஆண்டுகள் ஆகும். குழாயை வாசலுக்குக் கொண்டுவரச் சில வாரம் போதும். ஜெர்மனியின் டோர்ட்மண்ட், எஸ்ஸன் நகரத் தொடக்கப்பள்ளிகளில் குடிநீர்க் குழாய்களும் சில பாடவேளைகளும் சேர்ந்து, அதிக எடைக்கான அபாயத்தை 31 சதவீதம் குறைத்தன என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்கள் சின்னப் பிள்ளைகள்தான். ஆனால் தாகத்துக்கு வயது ஏது?

குழாய் வைத்தும் பயன்படாமல் போவது எதனால்? கணக்குப் போடாததால். நிமிடத்துக்கு 2 லிட்டர் கொட்டும் குழாயில் அரை லிட்டர் பாட்டில் நிரம்ப 15 விநாடி. 10 நிமிட இடைவேளையில் ஒரு குழாய்க்கு 40 பேர். 600 மாணவர் படிக்கும் பள்ளியில் 4 குழாய் வைத்தால் 160 பேர் குடிப்பார்கள்; மற்ற 440 பேர் கடைக்குத்தான் போவார்கள். வேண்டியது 15 குழாய். எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தாலும் வேகம் குறையாத அளவுக்குத் தாய்க்குழாய் அகலமாக இருக்க வேண்டும். குழாயின் வாய்க்கும் அதன் கீழுள்ள தொட்டிக்கும் இடையே 30 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் பாட்டில் சாய்ந்து பாதிதான் நிரம்பும். குளோரின் கலந்த நீரென்றால் குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும்; சேமிப்புத் தொட்டியில் சோதித்தால் போதாது. கிருமி கொல்லும் புற ஊதா விளக்கு மட்டும் போட்டால், விளக்கைத் தாண்டிய குழாய்க்குள் காவல் எதுவும் இல்லை. விடுமுறை கழிந்த முதல் நாள், தேங்கிய நீரைச் சில நிமிடம் திறந்துவிட்ட பிறகே பிள்ளைகளை விடுங்கள்.

தலைமை ஆசிரியப் பெருமக்களே, நாளை மதிய மணி அடிக்கும்போது ஒரு கடிகாரத்தோடு குழாயடியில் நில்லுங்கள். எத்தனை பாட்டில் நிரம்பியது, எத்தனை பேர் வரிசையை விட்டுப் போனார்கள் என்று இரண்டே எண்களைக் குறித்துப் பொறியாளர் அவர்களிடம் கொடுங்கள். பசி வந்தால் பத்தும் பறக்கும் வாசலுக்கு எத்தனை குழாய் வேண்டுமென்பதை அந்தத் தாள் அவருக்குச் சொல்லிவிடும்.